டீச்சர் கொண்டுவந்த அட்டை

காலையில் செய்தித்தாளை எடுக்க வாசலுக்கு வந்த மூக்கண்ணன், தன் காருக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் இருப்பதைப் பார்த்தார்.

பார்த்ததும் கோபம்தான் வந்தது. ஊரார் வண்டி ஒழுகினால் அவரிடம் வருவார்கள், அவர் வண்டியே ஒழுகினால் அவர் யாரிடம் போவது? முப்பது வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறார். கீழே சொட்டியது எந்த இடத்தில், என்ன நிறத்தில், என்ன வாசனையில் என்பதை வைத்தே, பானெட்டைத் திறக்காமல் நோயைச் சொல்லிவிடுவார். அதனால் வட்டாரத்தில் யாரோ கிண்டலாக வைத்த பெயர்தான் மூக்கண்ணன். நாளாக ஆக அது கிண்டல் போய்ப் பட்டமாகிவிட்டது. மனிதரும் அதைத் தலையில் கிரீடம் மாதிரி சுமந்துகொண்டுதான் நடந்தார்.

குனிந்தார். ஈரத்துக்கு நிறம் இல்லை. என்ஜின் ஆயில் என்றால் கறுத்திருக்கும். என்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட் என்றால் பச்சையாக, பாகு காய்ச்சிய வாசனையோடு பிசுபிசுக்கும். பவர் ஸ்டீயரிங் ஆயில் சிவப்பு. நிறமில்லாமல் சொட்டுவது பெரும்பாலும் ஏசி தண்ணீர்தான், அதற்கு யாரும் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் அவர் இரண்டு நாளாக வண்டியை எடுக்கவே இல்லை. விரலால் தொட்டு, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தார். வழுக்கியது. மூக்கருகே கொண்டுபோனார். மீன் கழுவிய பாத்திரத்தில் மிச்சம் நிற்கும் வாடை, லேசாக.

பிரேக் ஆயில்.

கை தானாகப் பின்னால் போனது. பிரேக் ஆயில் ஒழுகினால் சக்கரத்தின் உள்பக்கம் ஒழுகும், இல்லாவிட்டால் ஓட்டுகிறவரின் காலுக்கு நேர் கீழே. இதுவோ வண்டியின் நட்டநடுவில் கிடந்தது. அங்கே ஒழுகுவதற்கு எதுவுமே கிடையாது. பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைப் பார்த்தார். மேல் கோடு வரைக்கும் நிறைந்திருந்தது. நான்கு சக்கரங்களும் உலர்ந்து தூசியோடு இருந்தன.

உள்ளேயிருந்து மனைவி என்ன ஆயிற்று என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல. தண்ணி," என்றார் மூக்கண்ணன்.

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அவருக்கே கேட்டது. நாற்பத்தொரு நாளைக்கு முன்னால் இதே வார்த்தையை, இதே குரலில் சொல்லியிருந்தார். செய்தித்தாளை எடுத்துக்கொண்டார். வீட்டுக்குள் போய் அதை மடித்தபடியே மேசைமேல் வைத்துவிட்டார்.

அன்று அதைக் கேட்டவர் ஒரு டீச்சர், பட்டறைக்கு மேல்தெருவில் குடியிருந்தவர். கணவர் நூலகத்தில் வேலை பார்ப்பவர். ஒரே ஒரு பெண் குழந்தை, எட்டு வயது. வண்டி விஷயத்தில் டீச்சருக்கு மூக்கண்ணன் சொல்வதுதான் வேதவாக்கு. தன்னிடம் வரும் எல்லோருக்கும் அவர் ஒரு வழி சொல்லிக்கொடுத்திருந்தார். ராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு வெள்ளை அட்டையைப் போடுங்கள், வண்டியின் முன்பக்கம் எது என்று அம்புக்குறி போடுங்கள், காலையில் அட்டையை மட்டும் கொண்டுவாருங்கள், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்பார். முக்கால்வாசிப் பேர் ஏதாவது கிழிந்த பெட்டியைக் கொண்டுவருவார்கள், அம்புக்குறியும் இருக்காது. டீச்சர் அப்படியில்லை.

அன்று காலை பத்து மணிக்குப் பட்டறையில் கச்சேரி களைகட்டியிருந்தது. பெயின்டர் இருந்தார், பக்கத்து பேட்டரிக் கடைக்காரர் இருந்தார், வேறு இரண்டு டிரைவர்களும். எல்லோர் கையிலும் டீ. மூக்கண்ணன் தன் பிரதாபம் ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது டீச்சர் அட்டையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, விடைத்தாளை நீட்டுகிற பிள்ளை மாதிரி வந்து நின்றார். ஸ்கேல் வைத்துப் போட்ட பென்சில் அம்புக்குறி. பக்கத்தில் உருண்டையான எழுத்தில் 'முன்பக்கம்'. இடது முன் மூலையில் ஈரம்.

மூக்கண்ணன் எழுந்திருக்கவில்லை. அட்டையைக் கையில் வாங்கவும் இல்லை. இருந்த இடத்திலிருந்தே பார்த்தார். நிறமில்லை, ஏசி தண்ணீர் சொட்டுவதும் அந்தப் பக்கம்தான். "தண்ணி டீச்சர். ஏசி தண்ணி. தைரியமா போங்க."

டீச்சர் போகவில்லை. அட்டையை ஒருமுறை பார்த்தார். "ராத்திரி போட்டது அண்ணா. தண்ணின்னா இந்நேரம் காயாதா?"

அதுதான் கேட்க வேண்டிய கேள்வி. தண்ணீர் காயும், பிரேக் ஆயில் காயாது. அதுவும் பதினைந்து நாளைக்கு முன்னால் அவரே தன் கையால் அந்த வண்டியின் பழைய ஆயிலை இறக்கிவிட்டுப் புதிது ஊற்றியிருந்தார். பழையது தேன் நிறத்துக்கு வந்திருக்கும், அதைப் பார்த்தால் குருடனும் சொல்லிவிடுவான். புதிது தண்ணீர் போலவே இருக்கும். ஒரு விரலை நீட்டித் தொட்டிருந்தால் போதும். ஆனால் நாலு பேர் முன்னால், டீயும் கையுமாக, தான் சொன்னதைத் திருப்பிக் கேட்டால் மனிதருக்குச் சும்மா இருக்க முடியுமா?

"எனக்கே பாடமா டீச்சர்? பெஞ்ச் மேல ஏறி நிக்கட்டுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். பெயின்டர் டீ சிந்தச் சிரித்தார். டீச்சரின் முகம் சிவந்துபோனது. அவரும் அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்து, அட்டையைச் சுவரோரம் சாய்த்துவைத்துவிட்டு, சரிங்கண்ணா என்று போய்விட்டார்.

ஒன்றரை மணி நேரம் கழித்து, பட்டறையைத் தாண்டிப் போகும் சாலை தண்ணீர்த் தொட்டியருகே இறங்குகிறதே, அந்த இறக்கத்தின் அடியில் இருக்கும் மதிலில் டீச்சரின் வண்டி மோதியது. மிதித்த பிரேக் தரை வரைக்கும் போயிருக்கிறது. குழந்தை அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் இருந்தாள்.

சாயங்காலம், எல்லோரும் போன பிறகு, மூக்கண்ணன் சுவரோரம் இருந்த அட்டையை எடுத்தார். இன்னும் ஈரமாகவே இருந்தது. அப்போதுதான் தொட்டார். வழுக்கியது. அட்டையை மடித்துப் பழைய டயர்களுக்குப் பின்னால் செருகினார்.

பத்தாம் நாள் நூலகர் வந்தார். தாடி வளர்ந்திருந்தது. பட்டறைக்குப் போய்க் காட்டு என்று மனைவியிடம் தானே சொல்லியிருந்ததாகவும், அவள் வந்தாளா என்று தெரிந்தால் போதும் என்றும் சொன்னார். வரலையே சார் என்றார் மூக்கண்ணன். அப்படியென்றால் தப்பு தன்னுடையதுதான், தானே கொண்டுவந்து காட்டியிருக்க வேண்டும், சோம்பேறித்தனம் என்று நூலகர் தன் தலையிலேயே அடித்துக்கொண்டு போனார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மாதிரிதான். மூக்கண்ணனுக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு உயிர் போனதற்காக இல்லை, வெளியே தெரிந்துவிடுமே என்ற பயத்தால்தான் இறங்கவில்லை என்பது அவருக்கே தெரிந்தது. அது தெரிந்தபோது வந்த வெட்கத்தில் அவரால் கண்ணாடி பார்த்துச் சவரம் செய்ய முடியவில்லை.

இப்போது வாசலில் கிடந்த ஈரத்தை அவர் பக்கெட் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். பிரேக் ஆயில் தண்ணீரில் கரைந்து போய்விடும். போய்விட்டது. மறுநாள் காலை அது வீட்டுப் படியில் இருந்தது. அதையும் கழுவினார்.

அடுத்த நாள் பட்டறையில். அவர் எப்போதும் உட்காரும் இரும்பு ஸ்டூலுக்கு அடியில் ஈரம் தேங்கியிருந்தது, ஸ்டூலின் நீலப் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பித் தோல் உரிந்துகொண்டிருந்தது. பெயின்டர் வந்து குந்தியமர்ந்து நகத்தால் சுரண்டிப் பார்த்தார். அவருடைய தொழிலுக்குப் பிரேக் ஆயில் பரம எதிரி. எந்தப் பெயின்ட்டையும் தின்றுவிடும்.

"இது பிரேக் ஆயில் தின்ன பெயின்டுண்ணே," என்றார். பிறகு தலையைத் தூக்காமலே, "அன்னைக்கு அந்த டீச்சர்…" என்று இழுத்தார்.

மூக்கண்ணன் அவரைப் போய் அவர் வேலையைப் பார்க்கச் சொன்னார்.  அன்றைக்குச் சிரித்தவர்களில் பெயின்டரும் ஒருவர், அதனால் அவரும் வாயை மூடிக்கொண்டு எழுந்து போனார்.

அதற்குப் பிறகு ஈரம் வீட்டுக்குள் வந்தது. சாப்பாட்டு மேசையில் அவர் உட்காரும் நாற்காலியில், அதன் வார்னிஷ் வெளுக்க. குளியலறையிலிருந்து கூடத்துக்கு வரும் வழியில், அவர் கால் வைத்த இடத்திலெல்லாம். மத்தியான வெயில் ஜன்னல் வழியாக விழுந்து மற்ற தரையெல்லாம் சுட, அந்த இடம் மட்டும் காயாமல் பளபளத்தது. குழாய் எதிலும் கசிவில்லை, கூரையிலும் இல்லை. ஆனால் எங்கோ சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது, சீராக, அவர் எந்த அறைக்குப் போனாலும் அந்த அறையில். மனைவி துடைத்துத் துடைத்துக் கை சலித்து, என்னங்க இது, தொடைக்கத் தொடைக்க வழுக்குதே என்று கேட்டார்.

"தண்ணிதான்," என்றார் அவர்.

அப்படிச் சொன்ன ஒவ்வொரு முறையும் அடுத்த நாள் ஈரம் பெரிதாக இருந்தது. அது அவருக்குப் புரியாமல் இல்லை. புரிந்தும், கேட்டால் வாயில் வேறு வார்த்தை வருவதில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவருக்கு நெஞ்சு குறுகுறுக்கவில்லை, ஈரமாக இருந்தது. சட்டைக்குள் கைவிட்டுப் பார்த்துக்கொண்டார். ஒன்றுமில்லை. கையை வெளியே எடுத்தால் விரல்கள் வழுக்கின.

கடைசியில் தனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தார். மனைவிக்குத் தெரியாமல் தன் கட்டிலுக்கு அடியில் ஒரு வெள்ளை அட்டையைப் போட்டுவிட்டுப் படுத்தார். அதில் எதுவும் எழுதவில்லை. விடிந்ததும் வெளியே இழுத்தார்.

நெஞ்சுக்கு நேர் கீழே ஈரம். பக்கத்தில் பென்சில் அம்புக்குறி. ஸ்கேல் வைத்துப் போட்டது.

உருண்டையான எழுத்து. 'முன்பக்கம்'.

அம்பு அவர் தலையணையைக் காட்டியது.

முகம்கூடக் கழுவாமல் பட்டறைக்கு ஓடினார். டயர்களை ஒவ்வொன்றாகத் தள்ளினார். பின்னால் அட்டை இல்லை. அது இருந்த இடத்தில், அதே நீள அகலத்தில், தரை நனைந்திருந்தது.

அன்றைக்குத்தான் மூக்கும் போனது. ஒரு டிரைவர் கொண்டுவந்த அட்டையில் கறுப்பாக என்ஜின் ஆயில். முகர்ந்தார். மீன் வாடை. கூலண்டை முகர்ந்தார். மீன் வாடை. டீயிலும் அதுதான், சோப்பிலும் அதுதான், மனைவி தலைமாட்டில் வைத்த தண்ணீரிலும் அதுதான். எதைத் தொட்டாலும் வழுக்கியது. நிறத்தை வைத்துக் குத்துமதிப்பாக ஏதோ சொல்லி அனுப்பினார். நிறமில்லாதது எதுவும் வந்துவிடக் கூடாதே என்று ஒவ்வொரு நாளும் வேண்டிக்கொண்டார். யாரிடமும் சொல்லவில்லை. மூக்கு போன மூக்கண்ணனை யார் மதிப்பார்கள்?

மனைவிக்கு மட்டும் ஏதோ பிடிபட்டிருக்க வேண்டும். ஒரு சாயங்காலம் துடைப்புத் துணியைப் பிழிந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மனசுல எதாவது இருந்தா சொல்லிடுங்க. கேக்க நான் இருக்கேன்ல."

மூக்கண்ணன் அழுதுவிடுவோமோ என்று பயந்தார். நாளைக்கு அந்த நூலக சாரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். மனைவி ஏன் என்று கேட்கவில்லை. அன்று இரவு எங்கும் சொட்டும் சத்தம் இல்லை. மறுநாள் காலை வீடு காய்ந்திருந்தது. கட்டிலடி, நாற்காலி, வாசற்படி எல்லாம். மூக்கண்ணன் பல நாளைக்குப் பிறகு சவரம் செய்துகொண்டார்.

மத்தியானம் போகலாம் என்று நினைத்திருந்தார். ஆனால் பன்னிரண்டு மணி வெயிலில் நூலகரே வந்துவிட்டார்.

சின்னப் பழைய கார் ஒன்று பட்டறை வாசலில் வந்து நின்றது. நூலகர் இறங்கினார், பின்கதவைத் திறந்து குழந்தை இறங்கினாள். அவள் இரண்டு கையாலும் ஒரு வெள்ளை அட்டையை ஏந்தியிருந்தாள். பெயின்டரும் பேட்டரிக் கடைக்காரரும் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். 

குழந்தையைப் பள்ளிக்குக் கொண்டுவிடப் போன வாரம்தான் இதை வாங்கியதாக நூலகர் சொன்னார். இப்போதெல்லாம் சின்ன ஈரத்தைப் பார்த்தாலும் பதறுகிறதாம். ராத்திரி அட்டை போட்டாராம். "நீங்க சொன்னாத்தான் எனக்கு நிம்மதி."

மூக்கண்ணன் இந்தமுறை எழுந்தார். அட்டையை இரண்டு கையாலும் வாங்கினார். இடது முன் மூலையில் ஈரம். நிறமில்லை. தொட்டார். வழுக்கியது. ஆனால் அட்டையின் காய்ந்த பக்கமும்தான் வழுக்கியது. முகர்ந்தார். மீன் வாடை. ஆனால் காற்றே மீன் வாடைதான்.

தெரியவில்லை. அவருக்குத் தெரியவில்லை.

சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் அரை மணியில் தெரிந்துவிடும். "சார், வண்டி இங்கயே இருக்கட்டும்," என்றார்.

"ஏன், எதுவும் சந்தேகமா? உங்களுக்கா?" நூலகருக்கு ஆச்சரியமாக இருந்தது. பிறகு குரல் தாழ்ந்தது. "அவ உங்களை அவ்ளோ நம்புவா. அன்னைக்கு உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா இன்னைக்கு இருந்திருப்பா."

பெயின்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

மூக்கண்ணனுக்கு உடம்பெல்லாம் கூசியது. சொல்லிவிட வேண்டும். கேட்டாங்க சார், வந்தாங்க சார், நான்தான் பார்க்கலை சார். வார்த்தை நாக்கு நுனிவரைக்கும் வந்தது. பேட்டரிக் கடைக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நூலகரின் முகத்தில் அந்த நம்பிக்கை, அப்படியே.

வாய்க்குள் எங்கிருந்தோ ஊறியது. நிறமில்லாதது. நாக்கு வழுக்கியது.

"தண்ணி சார்," என்றது அவர் வாய். "ஏசி தண்ணி. தைரியமா போங்க."

நூலகர் பெருமூச்சு விட்டுக் கைகூப்பினார். குழந்தை அசையவில்லை. அட்டையை ஒருமுறை பார்த்தாள்.

"ராத்திரி போட்டது மாமா. தண்ணின்னா இந்நேரம் காயாதா?"

யாரும் சிரிக்கவில்லை.

மாமாவுக்குத் தெரியாததா, வாடா கண்ணு என்று நூலகர்தான் சங்கடப்பட்டு அவள் தோளைத் தொட்டார். குழந்தையின் முகம் சிவந்தது. அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்தாள். அட்டையை மூக்கண்ணன் கையிலிருந்து வாங்கிச் சுவரோரம் சாய்த்துவைத்தாள். அதே இடத்தில். கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. வண்டி கிளம்பியது.

மூக்கண்ணன் அட்டையைப் பார்த்தார்.

அம்புக்குறி நேராக இருந்தது. எழுத்து உருண்டையாக இருந்தது. எட்டு வயதுக் கை எழுதியதில்லை.

அட்டையின் குறுக்கே ஒரு மடிப்பு. டயர்களுக்குப் பின்னால் செருகுவதற்காக அவர் மடித்த மடிப்பு.

ஓடினார். செருப்பு கழன்று போனது. சார் என்று கத்தினார், குரல் வரவில்லை, வாயிலிருந்து ஊறியதுதான் சட்டையில் வழிந்தது. சாலையில் ஒரு ஈரக்கோடு. மெல்லிய, அறுபடாத கோடு. வெயில் கொதித்தது, தார் இளகியது, கோடு மட்டும் காயவில்லை. திரும்பிப் பார்த்தார். அது காரிலிருந்து தொடங்கவில்லை. அவர் இரும்பு ஸ்டூலுக்கு அடியிலிருந்து தொடங்கி, அவர் காலடி வழியாகப் போய்க் காரின் இடது சக்கரத்தைத் தொட்டிருந்தது.

தண்ணீர்த் தொட்டியருகே கார் இறக்கத்தில் திரும்பியது. பின்கண்ணாடியில் குழந்தை அவரைப் பார்த்துக் கையசைத்தாள்.

பிரேக் விளக்கு எரிந்தது. சிவப்பாக. அணைந்தது. மறுபடி எரிந்தது. அணைந்தது. எரிந்தது.

வேகம் குறையவில்லை.